ஷிப்ட் மாறும் ஊரில் பாட்டு வகுப்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவருக்கு இந்த வாரம் காலை ஆறு மணி ஷிப்ட் என்றால், அடுத்த வாரம் மதியம் இரண்டு மணி, அதற்கடுத்த வாரம் இரவு பத்து மணி என்று சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லாக் கம்பெனியிலும் இதே கணக்கு இல்லை. ஜெனரல் ஷிப்ட் மட்டும் பார்க்கிறவர்களும் உண்டு, ஓ.டி. சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவர்களும் உண்டு. அவருடைய மகள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பாட்டு வகுப்புக்குப் போகிறவள் என்று வைத்துக்கொள்வோம். காலை ஷிப்ட் வாரத்தில் அப்பா வண்டியில் கொண்டுவந்து விட்டுவிடுவார். மதிய ஷிப்ட் வாரத்தில் ஐந்தரை மணிக்கு அவர் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்தக் குழந்தை வராமல் போவதற்கான காரணம் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது. பாட்டு டீச்சரின் நோட்டில் அது வெறுமனே 'வரவில்லை' என்று ஏறுகிறது. பல இடங்களில் அதுவும் ஏறுவதில்லை.

திருவள்ளூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை, வீட்டு முன்னறையில் பாய் விரித்தோ, மொட்டை மாடி ஷெட்டிலோ, வீடு வீடாகப் போயோ பாட்டு, வயலின், மிருதங்கம், கீபோர்டு சொல்லித்தரும் தனி ஆசிரியர்களைப் பற்றியது இந்தப் பதிவு. அவர்களுக்கு மேலே ஹெட்மாஸ்டர் கிடையாது, பெல் அடிக்க ஆள் கிடையாது, ஃபீஸ் வாங்க கிளார்க் கிடையாது. இவர்களிடம் 'டைம்டேபிள் போடுங்கள், கணக்கு எழுதுங்கள்' என்று சொல்கிறவர்கள் எல்லோரும் அதை ஆபீஸ் வேலையாகவே சொல்கிறார்கள். கேட்கும் ஆசிரியரும் பாட்டு ஒரு பக்கம், ஆபீஸ் வேலை இன்னொரு பக்கம் என்று பிரித்துக்கொள்கிறார். நேரம் போதாத நாளில் இரண்டாவதை விட்டுவிடுகிறார். இந்தப் பிரிவே தவறு என்பது என் வாதம். ஷிப்ட் மாறும் ஊரில் எழுதி வைப்பது பாடத்தின் ஒரு பகுதி. அது இல்லாவிட்டால், ஆசிரியரிடம் எவ்வளவு வித்தை இருந்தாலும் பிள்ளையிடம் முழுதாகப் போய்ச் சேராது. அந்த ஒழுங்கும் இந்த வட்டாரத்தின் ரோஸ்டர், சம்பளத் தேதி, ரயில், மழை ஆகியவற்றைப் பார்த்து அமைய வேண்டும். மயிலாப்பூரிலிருந்து அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தால் இங்கே ஒட்டாது.

இதற்கு முதலில் வரும் மறுப்பு பெரியவர்களிடமிருந்து வரும், மரியாதையோடு கேட்க வேண்டியதுதான். 'சங்கீதம் வாய்வழியாக வந்த வித்தை. குருவுக்கு ரெஜிஸ்டர் எதற்கு? சிஷ்யன் முகத்தைப் பார்த்தாலே எங்கே நிற்கிறான் என்று தெரியாதா?' தெரியும், குருகுலத்தில். சிஷ்யன் அதே வீட்டில் தூங்கி எழுந்து, விடியற்காலையில் சாதகம் செய்து, குரு வேறொருவருக்குச் சொல்லித்தருவதையும் காதில் வாங்கிக்கொண்டு வளர்ந்தான். நேற்று எங்கே தடுக்கினான் என்பது இன்று காலையே குருவின் காதில் விழுந்துவிடும். அந்த வாழ்க்கை முறையே ரெஜிஸ்டராக வேலை செய்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம், அதுவும் மூன்றில் ஒரு வாரம் விட்டுப்போகும் வகுப்புக்கு அந்த நம்பிக்கையை நீட்டினால், முறையின் பயன் கிடைக்காது, முறையின் பெயர் மட்டும் மிஞ்சும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மரபே எழுத்தை அவ்வளவு அலட்சியமாக நடத்தவில்லை. தியாகராஜரின் (1767–1847) கீர்த்தனைகள் இவ்வளவு நமக்குக் கிடைத்திருப்பதற்கு, வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் எழுதிக் காத்த சுவடிகள் ஒரு முக்கியக் காரணம். இதே கும்மிடிப்பூண்டி லைனில் இருக்கிற திருவொற்றியூரில் வாழ்ந்த வீணை குப்பய்யரும் தியாகராஜரின் சிஷ்யர்தான். அவருடைய மகன் தியாகய்யர் தகப்பனாரின் உருப்படிகளை அச்சுக்குக் கொண்டுபோனவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தச்சூர் சிங்கராசாரியுலு சகோதரர்கள் சென்னையில் தெலுங்கில் வெளியிட்ட புத்தகங்கள் 'ஸ்வரமஞ்சரி', 'காயக பாரிஜாதம்', 'சங்கீத கலாநிதி' என்று படிப்படியாக ஏறிப்போகும் பாட வரிசை. 1904இல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' கமகங்களுக்குக்கூடக் குறியீடு போட்டது. மியூசிக் அகாடமி, சங்கீத ஆசிரியர்களைத் தயார்செய்வதற்கென்றே ஒரு கல்லூரியை 1931இல் தொடங்கியது. சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம், கீர்த்தனை என்று ஏறும் அந்தப் படிவரிசையே உலகத்தில் எந்தப் பாடத்திட்டத்துக்கும் குறைந்தது கிடையாது. என்ன சொல்லித்தருவது என்பதை மரபு ஒழுங்காக எழுதித் தந்திருக்கிறது. யாருக்கு எதுவரை சொல்லித்தந்தோம் என்பதை மட்டும் எழுதவில்லை. குருகுலத்தில் அதற்குத் தேவை வரவில்லை. இப்போது வந்திருக்கிறது.

எவ்வளவு தேவை என்பதற்கு 1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட சோதனை இன்றும் சாட்சி. அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து பார்த்தார். மறதி சீராக நடப்பதில்லை. கற்ற முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அதற்குப் பின் மெதுவாகிறது. இடைவெளி விட்டு விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது. பாட்டு அர்த்தமில்லாத அசை கிடையாது, ராகமும் தாளமும் ஞாபகத்தைத் தாங்கிப் பிடிக்கும் என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் புதிதாகச் சரளி வரிசை கற்கும் ஏழு வயதுக் குழந்தைக்கு அது இன்னும் ராகமாகவே ஆகவில்லை. அது வகுப்பை விட்டு வெளியே போகும்போது கையில் என்ன எடுத்துக்கொண்டு போகிறது, மறுநாள் காலையில் எதைப் பாடிப் பார்க்க வேண்டும் என்று யார் நினைவூட்டுவது, என்பதில்தான் அடுத்த வகுப்பின் விதி இருக்கிறது. எழுதிக்கொடுக்காத வீட்டுப்பாடம் இரண்டு வாரம் கழித்து வகுப்புக்குத் திரும்பி வராது. அந்த நேரத்தில் ஆசிரியர் முதல் இருபது நிமிஷத்தை 'போன தடவை எதுவரைக்கும் வந்தோம்?' என்று தேடுவதில் செலவழிக்கிறார். அந்த இருபது நிமிஷமும் பெற்றோர் ஃபீஸ் கட்டிய நேரம்.

ஆகவே மையமாக இருக்க வேண்டியது மாணவரின் நோட்டு. ஆசிரியரின் டைரியும் ஃபீஸ் கணக்கும் அதற்குப் பின்னால்தான். நீள நோட்டு ஒன்று, ஒரு வகுப்புக்கு ஒரு பக்கம் போதும். தேதி, சுருதி, எதைத் தொடங்கினோம், எங்கே நிறுத்தினோம், எது தடுக்கிறது, வீட்டில் என்ன. உதாரணமாக, ஒரு பக்கத்தில் இப்படி இருக்கலாம்: '5½ கட்டை. அலங்காரம், ஜம்பை தாளம். முதல் காலம் சரி. லகுவின் ஏழு எண்ணியபின் அனுதிருதத் தட்டை விழுங்கிவிடுகிறாள், அதனால் பத்து ஒன்பதாகிறது. வீட்டில்: பாடாமல் தாளம் மட்டும், தினம் பத்து ஆவர்த்தம்.' இந்த ஐந்து வரியில் அடுத்த வகுப்பு முழுதும் இருக்கிறது. 'அலங்காரம் நடந்தது' என்று எழுதினால் ஒன்றும் இல்லை. சுருதியை ஏன் ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்களுக்குக் குரல் உடையும் காலத்தில் கட்டை மாதத்துக்கு மாதம் இறங்கும். பழைய சுருதியிலேயே கத்தவைத்து, 'இவனுக்குக் குரல் போச்சு' என்று நிறுத்தப்பட்ட பையன்கள் நிறையப் பேர். நோட்டில் கட்டை இறங்கி வருவது கண்ணுக்குத் தெரிந்தால், அது வயதின் வேலை என்று பையனுக்கும் புரியும், வீட்டுக்கும் புரியும், வகுப்பை நிறுத்தவும் தோன்றாது.

எழுதுவதற்கு நேரம் எங்கே என்பது அடுத்த மறுப்பு. ஒருவருக்கு ஐந்து நிமிஷம் என்றால் இருபது பிள்ளைகளுக்கு வாரத்தில் நூறு நிமிஷம், நியாயமான கவலை. பதில் எளிது: வகுப்பு முடிந்தபின் எழுத உட்காராதீர்கள். வகுப்பின் கடைசி மூன்று நிமிஷத்தில், எழுதத் தெரிந்த பிள்ளையே எழுதட்டும், ஆசிரியர் சொல்லட்டும். தான் எங்கே தடுக்கினோம் என்று தன் கையாலேயே எழுதும் குழந்தை அதை இன்னொரு முறை கற்கிறது. சின்னக் குழந்தைக்கு மட்டும் ஆசிரியர் எழுதினால் போதும். வாட்ஸ்அப்பில் பாடி அனுப்பிவிட்டால் ஆகாதா என்றும் கேட்பார்கள். பாடி அனுப்புவது ரொம்ப நல்லது, வாலாஜாபேட்டைக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி அது. ஆனால் அந்த வாய்ஸ் மெசேஜ் அப்பாவின் போனில் இருக்கிறது, போன் அப்பாவோடு ஷிப்டுக்குப் போய்விடுகிறது. இரண்டு நாளில் குட்மார்னிங் படங்களுக்குக் கீழே புதைந்தும் போகிறது. போன் பாட்டைச் சுமக்கட்டும், எதைப் பாட வேண்டும் என்பதை நோட்டு சுமக்கட்டும். வருகைக்கும் ஃபீஸுக்கும் போனிலேயே ஒரு எக்செல் ஷீட் வைத்துக்கொள்ளலாம், அதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை.

இனி ரோஸ்டர். இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாலை ஐந்தரை மணி வகுப்பை வைத்துப் பாருங்கள். காலை ஷிப்ட் வாரத்தில் அப்பா இரண்டு மணிக்கே வெளியே வந்துவிடுவார், பிரச்சினை இல்லை. இரவு ஷிப்ட் வாரத்தில் அவர் பகலில் தூங்கி எழுந்து, இரவு கம்பெனி பஸ் பிடிக்கும் வரை வீட்டில் இருப்பார், அப்போதும் கொண்டுவந்து விடலாம். இடிப்பது மதிய ஷிப்ட் வாரம் மட்டும்தான். அந்த வாரத்தில் அவருக்குக் காலை நேரம் முழுக்கக் கையில் இருக்கிறது. ஆக, ஷிப்ட் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நேரம் கொடுப்பதற்குப் பதிலாக இரண்டு நேரம் கொடுத்துவிடலாம். செவ்வாய் மாலை ஐந்தரை, மதிய ஷிப்ட் வாரத்தில் சனிக்கிழமை காலை ஏழரை. ஒரு மாதக் காலண்டரைச் சுவரில் மாட்டி, எந்தப் பிள்ளைக்கு எந்த வாரம் சனி என்று முன்கூட்டியே குறித்துவிட்டால், 'இன்னைக்கு வர முடியாது மிஸ்' என்று கடைசி நிமிஷத்தில் வரும் போன்கள் பெரும்பாலும் நின்றுவிடும். மதிய ஷிப்ட்காரர்கள் எல்லோருக்கும் ஒரே வாரம் விழாது, அதனால் சனிக்கிழமையில் இரண்டு மூன்று இடம் காலியாக வைத்தால் பலருக்குப் போதும். காண்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு நாளை எந்த ஷிப்ட் என்பது இன்று மாலைதான் தெரியும். அவர்களிடம் ரோஸ்டர் கேட்டுப் பயனில்லை, அவர்களுக்கு மட்டும் 'அன்று மதியத்துக்குள் சொன்னால் போதும்' என்று வைத்துவிட வேண்டியதுதான்.

வார விடுமுறை எல்லோருக்கும் ஞாயிறு என்று நினைத்துக்கொள்வதும் வெளியூர்ப் பழக்கம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே ஞாயிறுக்குப் பதிலாக வேறு நாளை விடுமுறையாக மாற்றிக்கொடுக்க இடம் இருந்தது. ஃபர்னஸ் ஓடும் இடத்தில் ஞாயிறு என்று அணைத்துவிட முடியாது. சேர்க்கைப் படிவத்தில் பிள்ளையின் பெயர், வயது, பள்ளிக்கு அடுத்தபடி கேட்க வேண்டிய கேள்வி: 'வீட்டில் யாருக்கு ஷிப்ட்? வீக் ஆஃப் என்றைக்கு?'

ஷிப்ட் வகுப்புக்கு வருவதை மட்டும் பாதிப்பதில்லை, வீட்டுச் சாதகத்தையும் தொடும். இரவு வேலை முடிந்து காலை ஏழு மணிக்கு வந்து படுக்கிற மனிதர் இருக்கும் ஒரே படுக்கையறை வீட்டில், சனிக்கிழமை காலையில் குழந்தை தொண்டை திறந்து பாட முடியுமா? மிருதங்கம் வாசிக்க முடியுமா? முடியாது, செய்யவும் கூடாது. அந்த உறக்கம் அந்த வீட்டின் சோறு. ஆனால் அடுத்த வகுப்பில் 'ஏன் பிராக்டிஸ் பண்ணலை?' என்று அந்தக் குழந்தை திட்டு வாங்குகிறது. அப்பா தூங்கினார் என்று சொல்ல அதற்குத் தோன்றாது, தலையைக் குனிந்துகொள்ளும். ஆசிரியரிடம் ரோஸ்டர் இருந்தால் அந்த வாரத்துக்கென்றே சத்தமில்லாத வேலை கொடுக்கலாம். தொடையில் தாளம் போட்டு அலங்காரத்தை மனசுக்குள் ஓட்டுவது, கீதத்தின் ஸ்வரத்தைப் பார்க்காமல் எழுதிப் பார்ப்பது, ஹெட்போனில் ஒரே வர்ணத்தை நாலு முறை கேட்பது. கீபோர்டு பிள்ளைக்கு ஹெட்போன் மாட்டிவிட்டாலே போதும். வாய்விட்டுப் பாட வேண்டியதை அடுத்த காலை ஷிப்ட் வாரத்துக்குத் தள்ளலாம். இதைச் சலுகை என்று நான் சொல்லமாட்டேன். தாளத்தை மட்டும் தனியே பிடித்துப் பழக ஒரு வாரம் ஒதுக்குவது எந்தப் பிள்ளைக்கும் நல்ல பாடம். இவ்வளவு யோசிக்க ஆசிரியருக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு தகவல்தான், அதைத்தான் நாம் கேட்பதில்லை.

வீடு வீடாகப் போகிற ஆசிரியருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இந்த மாவட்டத்தின் புறநகர் ரயில் இரண்டு தனிக் கோடு. ஒன்று சென்ட்ரலிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே போகிறது. மற்றது அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் வழியாகத் திருவள்ளூருக்கு மேற்கே போகிறது. இரண்டு முனைகளையும் நேராக இணைக்கும் ரயில் இல்லை. ஒன்றிலிருந்து மற்றதற்கு ரயிலில் போக வேண்டுமென்றால் பேசின் பிரிட்ஜ் வரை உள்ளே வந்து மாற வேண்டும். இல்லாவிட்டால் பெரியபாளையம் பக்கமாகப் பஸ்ஸில் சுற்ற வேண்டும். மீஞ்சூரில் நாலரைக்கு ஒரு வகுப்பும் திருநின்றவூரில் ஏழு மணிக்கு இன்னொரு வகுப்பும் ஒப்புக்கொள்கிற ஆசிரியர், ஒரு ரயில் தவறினால் இரண்டாவது வீட்டில் சொல்லித்தரும் நிலையிலேயே இருக்கமாட்டார். ஒரு நாளுக்கு ஒரு லைன் என்று வைத்துக்கொள்ள வேண்டும், புது மாணவர் எவ்வளவு ஃபீஸ் தருவதாகச் சொன்னாலும் லைனை உடைக்கக் கூடாது. தெம்பாகச் சொல்லித்தரும் மூன்று வகுப்பு, களைத்துப்போய்ச் சொல்லித்தரும் ஐந்தைவிட மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிறகு மழை. நம் பக்கத்தில் பாட்டு சேர்ப்பது விஜயதசமியில். நல்ல வழக்கம், மாறவும் வேண்டாம். ஆனால் அந்த நாளுக்குப் பின் என்ன வருகிறது என்று வரிசையாகப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை, தீபாவளி, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, பிறகு விடுமுறை, பொங்கல். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்த மாவட்டத்தில் பள்ளிகளே நாள்கணக்கில் திறக்கவில்லை. 2024இல் ஆயுத பூஜை இரவு, அக்டோபர் 11 அன்று, கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் சரக்கு ரயிலில் மோதி, அந்த லைனில் ரயில் ஓட்டமே குலைந்தது. மறுநாள்தான் விஜயதசமி. புயலும் விபத்தும் ஆண்டுதோறும் வரும் என்று சொல்லவில்லை. ஆனால் அக்டோபர் முதல் ஜனவரி நடு வரை வகுப்பு விட்டு விட்டுத்தான் நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மறதி அதிகமாக இருக்கும் தொடக்க காலத்தைக் கொண்டுபோய் இடைவெளி அதிகமாக இருக்கும் மாதங்களில் வைத்திருக்கிறோம். அதன் விளைவு, தை பிறக்கும்போது விஜயதசமிப் பிள்ளைகளில் பலர் காணாமல் போயிருக்கிறார்கள், 'நம்ம குழந்தைக்குப் பாட்டு வராது' என்ற முடிவோடு.

இதற்குச் சரியான பதில் சேர்க்கையைத் தள்ளிப்போடுவது அல்ல. தை வரைக்குமான பாடத்தை வேண்டுமென்றே சின்னதாக வைக்கலாம். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை மட்டும், இரண்டு காலம், நல்ல சுருதி, அவ்வளவுதான். அதைப் பெற்றோரிடம் சேரும் நாளிலேயே சொல்லி, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியும் கொடுத்துவிடலாம். 'பொங்கலுக்குள் ஜண்டை வரிசை முடிப்பேன்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு மழையோடு மல்லுக்கட்ட வேண்டாம். தையிலிருந்து மார்ச் வரையும், பள்ளி திறந்தபின் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் காலாண்டுத் தேர்வு வரையும் கிடைக்கும் நீண்ட ஓட்டத்தில்தான் புதுப் பாடங்களை வைக்க வேண்டும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் இசைக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலை உண்டு. கீபோர்டு பிள்ளைகள் லண்டன் டிரினிட்டி காலேஜ் கிரேடு தேர்வுகளுக்குப் போகிறார்கள். இரண்டிலும் விண்ணப்பத் தேதி தவறினால் பிள்ளையின் மாதக்கணக்கான உழைப்பு அடுத்த வாய்ப்பு வரை காத்துக் கிடக்கும். எனவே அந்த அறிவிப்பைத் தேடிப் பார்க்கும் நாளும் சுவர்க் காலண்டரில் இருக்கட்டும்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவது நம் இசை ஆசிரியர்களின் பொது குணம். அந்தக் கூச்சத்தால் அவர்களுக்கும் நட்டம், பெற்றோருக்கும் சங்கடம். பெரும்பாலான வகுப்புகளில் 'ஐந்தாம் தேதிக்குள் ஃபீஸ்' என்று இருக்கிறது, பள்ளிக்கூடத்தைப் பார்த்து வைத்தது. 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் ஆயிரம் பேருக்குக் குறைவான ஆலையில் ஏழாம் தேதிக்குள், அதற்கு மேற்பட்ட ஆலையில் பத்தாம் தேதிக்குள் சம்பளம் தர வேண்டும் என்று வைத்தது. தொழிற்பேட்டைக் குடும்பங்களின் மாதம் அந்தத் தேதிகளைச் சுற்றியே பழகிப்போயிருக்கிறது, காண்ட்ராக்டர் வழியாக வரும் சம்பளம் அதற்கும் பின்னால் வருவதுண்டு. ஐந்தாம் தேதி என்று வைத்தால், மாதாமாதம் அந்தத் தாய் 'ரெண்டு நாள் பொறுங்க மிஸ்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சங்கடத்தைத் தவிர்க்கவே சில வீடுகளில் குழந்தையை அந்த வாரம் அனுப்புவதில்லை. பன்னிரண்டாம் தேதி என்று வைத்துப் பாருங்கள். ஆசிரியர் ஒரு மாதம் மட்டும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பின் வருமானம் ஒரே சீராக வரும்.

விட்டுப்போன வகுப்புக்கு ஃபீஸ் உண்டா என்ற சண்டையும் கணக்கு போட்டால் தீரக்கூடியது. மாதம் நான்கு வகுப்பு என்றால் வருஷத்துக்கு 48. வருஷத்தில் வாரங்கள் 52. நாலு செவ்வாய்க்கிழமை உபரியாக வருகிறது. ஐந்து செவ்வாய் வரும் மாதத்தின் ஐந்தாவது செவ்வாயை விட்டதைப் பிடிக்க ஒதுக்கிவிடலாம். தீபாவளியும் பொங்கலும் அதில் ஒன்றிரண்டைத் தின்றுவிடும், அதனால் மாதத்தில் ஒரு நாள் கூட்டு வகுப்பும் வைக்க வேண்டும். பெரிய பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து வரிசைகளை மூன்று காலத்தில் பாடட்டும். சின்னது பெரியதைக் கேட்டுச் சுருதி சேரும், குருகுலத்தில் காதில் விழுந்து கற்றது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். இவ்வளவு வழி வைத்தபின், சொல்லாமல் விட்ட வகுப்புக்கு ஃபீஸ் உண்டு என்று கண்டிப்பாகச் சொல்லலாம். உழைக்கும் குடும்பங்களிடம் இந்தக் கண்டிப்பு கொடுமை என்பார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. விதியே இல்லாத இடத்தில், வாய்ச்சாமர்த்தியம் உள்ளவர் சலுகை வாங்கிக்கொள்வார், கூச்சப்படுகிறவர் முழுதாகக் கட்டிவிட்டு மனசுக்குள் வருந்துவார். முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்த விதி இருவருக்கும் ஒன்று. உண்மையிலேயே முடியாத வீட்டுக்கு ஃபீஸைக் குறைப்பதோ வேண்டாமென்று விடுவதோ ஆசிரியரின் உரிமை. ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பவருக்குத்தான் எத்தனை பிள்ளைக்கு அப்படிச் செய்யத் தன்னால் முடியும் என்பது தெரியும்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதில் அக்கறை அதிகம். தொழிற்பேட்டைக் குடும்பங்கள் ஊர் மாறுகின்றன. காண்ட்ராக்ட் முடிந்தால் ஸ்ரீபெரும்புதூருக்கோ ஓசூருக்கோ, வடமாநிலக் குடும்பமானால் சொந்த ஊருக்கோ பாதி வருஷத்தில் கிளம்பிவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் டி.சி. கொடுக்கிறது. பாட்டு டீச்சர் என்ன கொடுக்கிறார்? புது ஊரில் புது டீச்சர் 'என்ன கத்துக்கிட்டே?' என்று கேட்பார். குழந்தை பயத்தில் 'சரளி' என்று சொல்லும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இரண்டு வருஷக் கற்றல் அங்கே கரைந்துபோகிறது. சுருதி, நிறுத்திய இடம், தடுக்கும் இடம் என்று தேதியோடு எழுதிய நோட்டு அதன் கையில் இருந்தால், புது ஆசிரியர் கல்யாணி கீதத்தின் நடுவிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அந்த நோட்டை அந்தக் குழந்தையால் படிக்க முடிய வேண்டும். கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் நிறைய, இந்தியும் ஒடியாவும் பேசும் பிள்ளைகளும் இப்போது வருகிறார்கள், இங்கிலீஷ் மீடியத் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்குத் தமிழ் எழுத்தே தடுமாறுகிறது. ஸ்வரத்தை எந்த எழுத்தில் எழுதினாலும் ஸ்வரம்தான், பிள்ளைக்கு வாசிக்க வருகிற எழுத்தில் எழுதட்டும். ஆசிரியர் தன் மூலப் பிரதியைத் தமிழிலோ தெலுங்கிலோ ஒரே ஃபைலில் வைத்துக்கொள்ளட்டும்.

இந்த இரண்டு லைனிலும் சொல்லித்தருகிறவர்கள் நாலு பேர் கூடி ஒரே மாதிரிப் பக்கம் ஒன்றை முடிவு செய்தால் இன்னும் நல்லது. பெரிய அமைப்பு எதுவும் வேண்டாம். மேலே தேதியும் கட்டையும், நடுவில் நிறுத்திய இடம், கீழே வீட்டு வேலை, ஓரத்தில் அந்த வாரத்து ஷிப்ட். ஒரு ஜெராக்ஸ் கடையில் நூறு தாள் எடுத்து ஸ்பைரல் போட ஆகும் செலவுதான். ஜூனில் பள்ளி திறக்கும் வாரத்தில் தொடங்கினால், விஜயதசமிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்குள் எந்தக் கட்டம் வேண்டும், எது வீண் என்று தெரிந்துவிடும்.